புலம்பெயர்ந்த குடும்பத்தை மேடையேற்றுவது எப்படி: முதல் நாடகம் எழுதுபவர்களுக்கு

புதிய நாட்டில் குடியேறிய குடும்பத்தைப் பற்றி நாடகம் எழுத உட்காருகிற பலர் முதல் காட்சியை விமான நிலையத்தில் வைக்கிறார்கள். பெட்டிகள், குளிர், பிரிவு, கண்ணீர். என் முதல் பிரதியும் அப்படித்தான் இருந்தது. நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். விமான நிலையக் காட்சியை மரியாதைக்காகக் கேட்டார்கள். பதினைந்தாம் பக்கத்தில் ஒரு சின்ன இடம் வந்தது. அப்பாவுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தை, அவரைக் கேட்காமலே மகன் பிரித்துப் படிக்கிறான். அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதை நான் முக்கியம் என்று நினைத்து எழுதவே இல்லை.

அன்றைக்குப் பிடிபட்டது இதுதான். வந்து சேர்வது ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. ஒத்துப்போவது வருடக்கணக்கில், வீட்டுக்குள், வெளியார் கண்ணில் படாமல் நடக்கிறது. அந்த வருடங்களில் வீட்டின் அதிகாரம் கைமாறுகிறது. வங்கியில் யார் பேசுவது, கடிதத்தை யார் பிரிப்பது, படிவத்தில் என்ன எழுதுவது என்று யார் முடிவு செய்வது? முன்பு பெற்றோர் கையில் இருந்த இவையெல்லாம் பிள்ளைகள் கைக்கு வருகின்றன. சில வீடுகளில் கணவன் கையிலிருந்து மனைவி கைக்குப் போகின்றன. இந்தக் கைமாற்றம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் உங்களிடம் நாடகம் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அதைத் தேடிப் பிடிக்கவும் மேடையில் தெரியவைக்கவும்தான்.

எழுதும் முன் கொஞ்சம் படியுங்கள்

இந்த விஷயம் நாடகத்துக்குப் புதிதில்லை. கி.மு. 431-ல் ஏதென்ஸில் மேடையேறிய யூரிப்பிடீஸின் 'மெடியா'வைப் பலர் ஒரு கொலைக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். குடியேறியவளின் கதையாக அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மெடியா வேற்று நாட்டிலிருந்து கணவனோடு கிரேக்க நகரமான கொரிந்துக்கு வந்தவள். அந்த நகரத்துப் பெண்களிடம் அவள் பேசும் நீண்ட பேச்சில், அந்நியராக வந்தவர் அந்த ஊரோடு ஒத்துப்போகத்தான் வேண்டும் என்று அவளே சொல்கிறாள். உங்களுக்கு ஊரும் தகப்பன் வீடும் இருக்கின்றன, எனக்கு ஒதுங்கத் தாயுமில்லை, உடன்பிறந்தவனுமில்லை என்றும் சொல்கிறாள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது. இன்று எந்த நாட்டில் குடியேறிய பெண்ணிடம் பேசினாலும் இந்த இரண்டு வாக்கியங்களும் காதில் விழும்.

ஆர்தர் மில்லரின் 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்' 1955-ல் ஓரங்க நாடகமாக வந்தது. அடுத்த ஆண்டே அவர் அதை இரண்டு அங்கமாக விரித்தார். ப்ரூக்ளின் துறைமுகத் தொழிலாளி எடியின் வீட்டில், அவன் மனைவியின் உறவுக்காரர்கள் இருவர் இத்தாலியிலிருந்து அனுமதியில்லாமல் வந்து தங்குகிறார்கள். வந்தவர்களை விட, இடம் கொடுத்தவன் எப்படிக் குலைந்துபோகிறான் என்பதுதான் கதை. 'என் வீடு' என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது கண்ணெதிரே வேறொருவருடையதாகிறது.

அயூப் கான் தின் எழுதிய 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' 1996-ல் மேடையேறியது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஒரு பாகிஸ்தானியத் தகப்பன், ஆங்கிலேயத் தாய், நடுவில் வளரும் பிள்ளைகள். இன்ஸ் சோயின் 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' 2011-ல் டொராண்டோ ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் தொடங்கி, பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. கொரியாவிலிருந்து வந்த ஒருவர் நடத்தும் கடையை அவருக்குப் பின் யார் எடுத்து நடத்துவது என்ற ஒரே கேள்வியில் நாடகம் முழுவதும் நிற்கிறது. எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' 2019-ல் சிட்னியில் அரங்கேறியது. ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள், 1956 முதல் 2004 வரை, கொழும்பும் சிட்னியுமாக, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முதல் நாடகத்தில் இந்த அளவுக்கு ஆசைப்படாதீர்கள். ஆனால் அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வந்து வெகுகாலம் ஆன பிறகு, ஒரு தாயும் மகனும் பாட்டியின் சாம்பலைச் சிட்னியின் ஆற்றில் கரைக்கும் இடத்தில்.

படிக்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் இரண்டே விஷயம் எழுதுங்கள்: காட்சி தொடங்கும்போது இங்கே யார் சொல் செல்கிறது, முடியும்போது யார் சொல் செல்கிறது. ஒரு நாடகத்தை இப்படிப் படித்தாலே அடுத்து உங்கள் பிரதியில் எந்தக் காட்சி சும்மா நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு நாடகத்தை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இஸ்ரேல் சாங்வில்லின் 'தி மெல்டிங் பாட்' 1908-ல் வாஷிங்டனில் அரங்கேறியபோது அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே வந்து பார்த்துப் பாராட்டினார். குடியேறியவர்களை எல்லாம் ஒன்றாக உருக்கும் பாத்திரம் என்ற உவமை அந்த நாடகத்தால்தான் உலகெங்கும் பரவியது. உவமை இன்றும் புழங்குகிறது. நாடகத்தை மேடையில் காண்பது அபூர்வம். நாயகன் அமெரிக்காவைப் பற்றி நின்று நின்று பேருரை ஆற்றுகிறான். கருத்தைப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் கருத்து மட்டும் பிழைக்கும்.

வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள்

உங்கள் சொந்தக் குடும்பத்தின் கதையாகவே இருந்தாலும் வேறு மூன்று நான்கு குடும்பங்களிடம் பேசுங்கள். நம் வீட்டில் நடந்ததை நாம் ஒரே பக்கத்திலிருந்துதான் பார்த்திருப்போம். பிள்ளையாக இருந்து பார்த்தவருக்கு அம்மாவின் அன்றைய வயது என்ன என்பதுகூடத் தோன்றியிருக்காது.

'எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள்' என்று தொடங்காதீர்கள். குடிவரவு அதிகாரியும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அதற்குப் பலரிடம் தயாரான, பலமுறை சொல்லித் தேய்ந்த பதில் இருக்கிறது. சின்னதாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த முதல் கடிதத்தை யார் பிரித்தார்கள்? மருத்துவரிடம் போனால் யார் பேசினார்கள்? தொலைபேசி மணி அடித்தால் யாரும் எடுக்காமல் இருந்த காலம் உண்டா? கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்கள்? ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்த செலவு ஏதாவது இருந்ததா? இந்தக் கேள்விகளுக்குத் தயாரான பதில் கிடையாது. யோசித்துத்தான் சொல்வார்கள். யோசிக்கும்போது கை எங்கே போகிறது, யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடிகருக்கு அது வேண்டும்.

கணவன் மனைவியிடம் தனித்தனியாகவும், பிள்ளைகளிடம் தனியாகவும் பேசுங்கள். ஒரே சம்பவத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் காட்சி ஒளிந்திருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலருடைய குடியுரிமை விண்ணப்பமோ தஞ்சக் கோரிக்கையோ இன்னும் முடியாமல் இருக்கலாம். சிலருடைய உறவினர்கள் ஆபத்தான இடத்தில் இருக்கலாம். ஒருவர் எந்த வழியாக வந்தார், யார் உதவினார்கள் என்பதெல்லாம் மேடையில் அடையாளம் தெரிகிற மாதிரி வந்தால் உண்மையான மனிதர்களுக்குக் கேடு வரும். அதனால் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: பெயர் எழுதமாட்டேன், ஊரை மாற்றுவேன், இரண்டு மூன்று குடும்பங்களின் கதையைக் கலப்பேன், எழுதியதை உங்களுக்குக் காட்டுவேன், வேண்டாம் என்று நீங்கள் சொல்கிற இடத்தை எடுத்துவிடுவேன். சொன்ன பிறகு அப்படியே நடந்துகொள்ளுங்கள். மிக நல்ல காட்சி ஒன்றை நான் இப்படி இழந்திருக்கிறேன். எடுத்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு நாளையும் ஓர் அறையையும் பிடியுங்கள்

முப்பது வருடத்தை மேடையில் சொல்ல வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் நாடகத்துக்கு ஒரே நாள் போதும். அதிகம் போனால் ஒரு வாரம். அந்த ஒரு நாளுக்குள் ஏதோ ஒன்றை முடிவு செய்தே ஆக வேண்டும்: கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டிய வேலை, வீட்டை விட்டுப் போகப்போகிற மகள். கெடு ஒன்று இருந்தால் பழைய கதைகள் தாமாகவே வெளியே வரும். கெடு இல்லாவிட்டால் பாத்திரங்கள் உட்கார்ந்து நினைவுகூரத் தொடங்கிவிடுவார்கள்.

குடும்பம் வந்து எத்தனையாவது வருடம் என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். முதல் வருடத்தில் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே பயம். ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் என்றால், பிள்ளைகள் மொழியைப் பிடித்துவிட்டார்கள், பெற்றோர் பாதியில் நிற்கிறார்கள். திரும்பிப் போகலாம் என்ற பேச்சு இன்னும் சாகவில்லை. என் அனுபவத்தில் இந்த இடைவெளியில்தான் நாடகம் அதிகம்.

அறை ஒன்றே போதும் என்பதில் செலவுக் கணக்கும் இருக்கிறது. ஆனால் நல்ல காரணம் வேறு. ஒரே அறைக்குள் பலரை வைத்தால் யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதே கதை ஆகிவிடும். முதல் காட்சியில் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் கடைசிக் காட்சியில் மகள் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறாள் என்றால் அதற்கு வசனம் வேண்டாம்.

கைமாறும் காட்சியை முதலில் எழுதுங்கள்

முதல் காட்சியிலிருந்து தொடங்காமல் நடுவிலிருக்கும் இந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள். பிள்ளை பெற்றோருக்காக மொழிபெயர்க்கிற காட்சி இதற்கு மிக நல்ல பயிற்சி. மூன்று பேர் போதும்: பெற்றோர், பிள்ளை, அதிகாரம் உள்ள வெளியாள் ஒருவர்.

பொதுவாக எல்லோரும் எழுதுவது, ஆசிரியர் குறை சொல்ல, பையன் அதைப் புகழ்ச்சியாக மாற்றி அம்மாவிடம் சொல்வது. சிரிப்பு வரும், அதோடு முடிந்துவிடும். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பிள்ளை தனக்காகப் பொய் சொல்லாமல், பெற்றோருக்காகச் சொல்லட்டும். இப்படி:

மருத்துவர்: இரவில் தூங்க முடிகிறதா என்று கேளுங்கள்.

மகள்: அப்பா, ராத்திரி தூக்கம் வருதான்னு கேக்குறாங்க.

அப்பா: வருதுன்னு சொல்லு.

மகள்: (மருத்துவரிடம்) இல்லை. அவர் தூங்குவதே இல்லை. விடியும்வரை நடந்துகொண்டே இருப்பார்.

அப்பா: என்ன சொன்ன?

மகள்: வருதுன்னு சொன்னேன்.

(மருத்துவர் எழுதுகிறார். எழுதிக்கொண்டே இருக்கிறார். அப்பா பேனாவையே பார்க்கிறார்.)

அப்பா: வருதுங்குறதுக்கு இவ்வளவு எழுதணுமா?

ஏழெட்டு வரிதான். ஆனால் இதில் யாருக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா நடப்பது மகளுக்குத் தெரியும், தெரியும் என்பது இப்போதுவரை அப்பாவுக்குத் தெரியாது. மருத்துவருக்கு உண்மை தெரியும், ஆனால் வீட்டுக்குள் என்ன உடைகிறது என்று தெரியாது. எல்லாம் தெரிந்தவர்கள் பார்வையாளர்கள் மட்டும். அப்பா முட்டாள் இல்லை. மொழி தெரியாவிட்டாலும் பேனா ஓடும் நேரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார். அந்தக் கணத்தில் வீட்டில் யார் பெரியவர் என்பது மாறிவிட்டது, அது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

இப்படி ஒரு காட்சியை எழுத, தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒருவர் உண்மையில் சொன்னது, வலப்பக்கம் பிள்ளை சொன்னது. இரண்டும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் எழுதுங்கள். பயம், வெட்கம், பாசம், சோர்வு, பழி. காரணம் கிடைக்காத வரியில் பிள்ளை சரியாகவே மொழிபெயர்க்கட்டும்.

இந்தக் காட்சி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும், பின்னால் என்ன நடக்கும் என்று இருபக்கமும் விரித்துக்கொண்டு போங்கள்.

மொழிக்கு ஒரு விதி வையுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வீட்டுமொழி ஒன்று, நாட்டுமொழி ஒன்று, பார்வையாளருக்குத் தெரிந்தது எது? முதலிலேயே விதியைத் தீர்மானித்து, முதல் ஐந்து நிமிடத்துக்குள் பார்வையாளருக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் மீறக் கூடாது.

உலக மேடையில் பல வழிகள் இருக்கின்றன. பிரையன் ஃபிரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' (1980) நாடகத்தில் ஐரிஷ் பேசுபவர்களும் ஆங்கிலம் பேசுபவர்களும் மேடையில் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை, நமக்கு இரண்டும் புரிகிறது. சனாஸ் தூசியின் 'இங்கிலீஷ்' 2022-ல் மேடையேறி, 2023-ல் புலிட்சர் பரிசு பெற்றது. குடியேற்றத்துக்கு முந்தைய படியைப் பற்றியது. ஈரானில் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற ஒரு வகுப்பு. அவர்கள் பாரசீகம் பேசும்போது நடிகர்கள் சரளமான ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆங்கிலம் பேசும்போது தட்டுத்தடுமாறி, அழுத்தம் மாறிப் பேசுவார்கள். தன் மொழியில் கூர்மையாகவும் நகைச்சுவையாகவும் இருக்கிற ஒருவர், அடுத்த நொடியில் குழந்தை போல ஆகிவிடுவதைக் காதாலேயே கேட்கிறோம். க்வி நுயென்னின் 'வியட்கான்' (2015) இதைத் தலைகீழாக்குகிறது. வியட்நாம் அகதிகள் தெளிவான, துள்ளலான அமெரிக்கப் பேச்சில் பேச, அமெரிக்கர்கள் பேசுவது அர்த்தமில்லாத சொற்களின் குவியலாகக் கேட்கிறது. புதிதாக வந்தவர் காதில் அது அப்படித்தானே விழுந்திருக்கும்?

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மிடம் பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் தனித்தனியாக இருக்கின்றன. மேலே இருக்கும் மருத்துவமனைக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். வீட்டுமொழிக்குப் பேச்சுத்தமிழ், நாட்டுமொழிக்கு எழுத்துத்தமிழ். மருத்துவர் பேசுவது சற்று விறைப்பாக, தூரத்திலிருந்து வருவது போல இருக்கும். மகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நடிகையின் முதுகே நிமிரும். கூடுதல் செலவில்லாமல் கிடைக்கிற நல்ல கருவி இது.

இரண்டு மொழியையும் அப்படியே மேடையில் பேசவைத்து, மேலே திரையில் மொழிபெயர்ப்பு வரிகளை ஓடவிடுவது இன்னொரு வழி. 1983-ல் டொராண்டோவில் ஓர் ஓப்பரா நிகழ்ச்சிக்கு முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட உத்தி இது. செய்வதாக இருந்தால் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போடாதீர்கள். நகைச்சுவை வரியை நடிகர் சொல்லி முடிக்கும் முன் திரையில் காட்டாதீர்கள், சிரிப்பு முன்னாலேயே வந்து வசனத்தை விழுங்கிவிடும். வரிகளை ஓட்டுகிறவர் எல்லா ஒத்திகைக்கும் வர வேண்டும், அவரும் ஒரு நடிகர்தான். திரையே வேண்டாம் என்றால், மேடையின் ஓரத்தில் நிற்கும் இன்னொரு நடிகரே உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்லலாம்.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றில் கவனம் வேண்டும். தப்பும் தவறுமான உச்சரிப்பை வைத்துச் சிரிக்கவைப்பது எளிது. அந்த உச்சரிப்போடு வாழ்க்கை முழுக்க வேலை செய்து, அவமானப்பட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் தன் சொந்த மொழியில் எவ்வளவு அழகாகப் பேசுவார் என்று காட்டும் காட்சி ஒன்றாவது இல்லாமல், அவருடைய உடைந்த பேச்சை மேடையேற்றாதீர்கள்.

பிள்ளைகளை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்

'பழைய தலைமுறை, புதிய தலைமுறை' என்று இரண்டாகப் பிரித்து மோதவிடுவது பழகிப்போன பாதை. உண்மையான வீடுகளில் கோடு வேறு மாதிரி ஓடுகிறது. பன்னிரண்டு வயதில் வந்த அண்ணனும் அங்கேயே பிறந்த தங்கையும் ஒரே வீட்டில் வெவ்வேறு நாட்டில் வாழ்கிறார்கள். சமூகவியலாளர் ரூபன் ரும்பாட் சிறுவயதில் வந்து சேர்ந்தவர்களுக்கு 'ஒன்றரைத் தலைமுறை' என்று பெயர் வைத்தார். நாடகத்துக்கு அந்த 'ஒன்றரை' பெரிய புதையல். பெற்றோரின் பயத்தைக் கண்ணால் பார்த்தவன் அண்ணன், அதைக் கதையாக மட்டும் கேட்டவள் தங்கை. கடிதங்களைப் பிரித்தவன் அவன். அவள் பிரிக்க வேண்டி வரவே இல்லை. பெற்றோரிடம் காட்ட முடியாத கோபத்தை அவன் அவள் மேல் காட்டுவான்.

எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரு சோதனை வையுங்கள். ஒவ்வொருவரிடமும், மற்றவர்களால் பதில் சொல்ல முடியாத ஒரு வாதமாவது இருக்க வேண்டும். கண்டிப்பான அப்பாவுக்கும் வேண்டும். வெளியாளாக வரும் அதிகாரிக்கும் வேண்டும். அவருக்கும் மேலதிகாரி இருக்கிறார், நேரமாகிறது, அவர் விதிகளை எழுதியவரில்லை. அவரை வில்லனாக்கினால் குடும்பத்துக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டிய கண்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பிவிடும்.

பொருள்கள்

மேடையில் மூன்று பொருள்களுக்கு மட்டும் அர்த்தம் கொடுங்கள், மற்றவை வெறும் சாமான்களாக இருக்கட்டும். 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்'டில் கடைக்குட்டி சஜித் எப்போதும் தன் தொப்பிவைத்த கோட்டைக் கழற்றாமலே திரிவான். ஏன் என்று நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. அந்த வீட்டில் அவனுக்கு ஒளிய வேறு இடமில்லை என்று பார்க்கிறவர்களுக்குப் புரிகிறது. மில்லரின் நாடகத்தில் முதல் அங்கம் முடியும் இடத்தில், இத்தாலியிலிருந்து வந்த இருவரில் ஒருவனான மார்க்கோ ஒரு நாற்காலியை, ஒரே காலின் அடியைப் பிடித்து, மெல்லத் தூக்கி எடியின் தலைக்கு மேல் நிறுத்துகிறான். மிரட்டல் வசனம் எதுவும் இல்லை. விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனைவிடப் பலசாலி என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாடகம் எழுதுகிற எவரும் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்யலாம்.

உங்கள் மூன்று பொருள்களில் ஒன்றாவது நாடகத்துக்குள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகட்டும். சாவிக்கொத்து, கடிதக்கட்டு, கைபேசி, எதுவானாலும் சரி.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை

சொந்தமாக எழுதாமல் ஏற்கனவே உள்ள நாடகத்தைப் போடுவதானால் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்குங்கள். தமிழாக்கம் செய்து போடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி, ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். பல நாடுகளில் 70, இந்தியாவில் 60. யூரிப்பிடீஸுக்கு அனுமதி வேண்டாம், ஆனால் நீங்கள் எடுத்தாளும் மொழிபெயர்ப்பு சமீபத்தியது என்றால் அதற்கு வேண்டும்.

நடிகர்களும் ஒத்திகையும்

நான்கைந்து நடிகர்கள், இடைவேளை இல்லாமல் அறுபது முதல் எழுபது நிமிடம். முதல் முயற்சிக்கு இந்த அளவு தாங்கும். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் வாரம் இரண்டு நாள் வீதம் பத்து வாரமாவது வேண்டும். முதல் இரண்டு வாரம் எழுந்து நிற்காதீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசியுங்கள், வசனம் வாயில் வராத இடத்தை அங்கேயே மாற்றுங்கள். எத்தனை நிமிடம் ஓடும் என்பதைப் பக்கத்தை எண்ணித் தீர்மானிக்காமல், உரக்க வாசித்துக் கடிகாரத்தில் பாருங்கள். மேடையில் அசைவுக்கும் மௌனத்துக்குமாக இன்னும் கொஞ்சம் கூடும்.

குடியேறிய நாட்டில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். வெட்கத்தில் சொல்லமாட்டார்கள், ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் கேட்காமலே இரண்டு ஏற்பாடு செய்துவிடுங்கள்: அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு பிரதி, எல்லா வசனத்தையும் வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பு. வயதானவர்களுக்கு வேறு உதவி வேண்டும். உட்கார்ந்து மனப்பாடம் செய்யச் சொன்னால் கஷ்டப்படுவார்கள். சாவியை எடுக்கும்போது இந்த வரி, கதவுக்குப் போகும்போது அந்த வரி என்று அசைவோடு சேர்த்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

ஒருவரை அவருடைய சொந்தக் கதையிலேயே நடிக்கவைக்காதீர்கள். உருக்கமாக வரும் என்று தோன்றும். பத்து வாரம் திரும்பத் திரும்ப அந்தக் காயத்தைத் திறக்கச் சொல்வது அது. போர், சிறை, கடல்வழிப் பயணம் வரும் காட்சிகளுக்கு முன்னாலேயே ஒரு சொல்லை எல்லோரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். யார் அதைச் சொன்னாலும் ஒத்திகை அந்த இடத்தில் நிற்கும், காரணம் கேட்கக் கூடாது.

அரங்கம் கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். 1965-ல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது லூயிஸ் வால்டெஸ் தொடங்கிய எல் தியாத்ரோ காம்பெசீனோ, லாரியின் திறந்த பின்தளத்தையே மேடையாக்கியது. நடித்தவர்கள் தொழிலாளர்கள். 1978-ல் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்றுக் கழகம், அதை நடத்தியவர்கள் புலம்பெயர்ந்த பிறகு லண்டனில் தொடர்ந்து நாடகம் போட்டது. ஒளியமைப்பு, ஒலியமைப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிறிய கூடத்தில் முகம் தெரிந்தால் போதும், கடைசி வரிசைக்கு ஒலிவாங்கி இல்லாமல் வசனம் கேட்டால் போதும். சோகமான இடத்தில் பின்னணி இசை போடும் ஆசை வந்தால் ஒருமுறை அது இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு விதமான பார்வையாளர்கள்

உங்கள் அரங்கில் பெற்றோர்கள் இருப்பார்கள், பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரே வரிக்கு ஒரு பக்கம் சிரிக்கும், மறுபக்கம் அமைதியாக இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். நாடகத்துக்கு மூன்று வாரம் முன்பு பிரதியை இரண்டு தனித்தனிக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரியவர்கள் சிரித்த இடத்தை ஒரு வண்ணத்திலும் இளையவர்கள் சிரித்த இடத்தை வேறு வண்ணத்திலும் பிரதியில் குறியுங்கள். ஒரே வண்ணம் பக்கம் பக்கமாக ஓடினால் நீங்கள் ஒரு தரப்புக்கு மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மற்றத் தரப்புக்கு அந்த இடத்தில் என்ன வலிக்கிறது என்று போய்க் கேளுங்கள், அதையும் காட்சிக்குள் கொண்டுவாருங்கள்.

கதை கொடுத்த குடும்பங்களை முதல் காட்சிக்கு அழைத்து அதிர்ச்சி கொடுக்காதீர்கள். முழு ஒத்திகை ஒன்றுக்கு, வேறு பார்வையாளர் யாரும் இல்லாத நாளில், அழையுங்கள். முன்வரிசையில் உட்காரவைக்காமல், எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் யார் கண்ணிலும் படாமல் போகும்படி கதவுக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். நீங்கள் மேடையைப் பார்க்க வேண்டாம், அவர்களைப் பாருங்கள். கைமாறும் காட்சி வரும்போது பெற்றோர் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறார்களா, பிள்ளை பார்வையைத் திருப்பிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று உடனே கேட்காதீர்கள். நாற்காலிகளை அடுக்க ஆரம்பியுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் உதவிக்கு வருவார். அடுக்கிக்கொண்டே அவர் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் கேளுங்கள், வீட்டுக்குப் போய்ப் பிரதியைத் திருத்துங்கள்.